சுடு, சூடு, சுட்டவன்: ஒரு வினைச்சொல் குறித்து

‘ஃபயர்’ என்ற ஆங்கில வினைக்கு எந்த அகராதியைப் புரட்டினாலும் தமிழில் ‘சுடு’ என்று போட்டிருப்பார்கள். தப்பில்லை. செங்கல்லை அவர்களும் ‘ஃபயர்’ பண்ணுகிறார்கள், நாமும் சுடுகிறோம். துப்பாக்கிக்கும் இரண்டு பேருக்கும் அதே வினைதான். இரண்டு மொழிகள் இவ்வளவு நெருக்கமாக ஒரே உருவகத்தில் வந்து நிற்பது அபூர்வம். இந்தப் பொருத்தத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். இரண்டு வினைகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆங்கில வினை செய்யும் வேலையைத் தமிழில் செய்யவைப்பதற்காக நம்முடைய வினை, வினையாக இருப்பதையே விட்டுவிட்டுப் பெயராக மாற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தில் சில பேர் வாக்கியத்திலிருந்து நழுவிப் போனார்கள் என்பது என் வாதம். கடலூரும் சிதம்பரமும் இதில் வருவது நான் அந்தப் பக்கத்து ஆள் என்பதால் மட்டுமல்ல. இந்த வினையின் வரலாற்றில் இரண்டு முக்கியமான சம்பவங்கள் இந்த இரண்டு ஊர்களிலும் நடந்திருக்கின்றன.

முதலில் ஆங்கிலச் சொல். நெருப்பைக் குறிக்க இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் இரண்டு பழைய சொற்கள் இருந்தன. ஒன்று வடமொழியில் ‘அக்னி’யாகவும் லத்தீனில் ‘இக்னிஸ்’ ஆகவும் வருவது. மற்றொன்று கிரேக்கத்தில் ‘பூர்’, ஹிட்டைட்டில் ‘பஹ்ஹுர்’, பழைய ஆங்கிலத்தில் ‘ஃப்யூர்’ என வருவது. முதலாவது உயிருள்ள நெருப்பு, தானே செயல்படும் தெய்வம். இரண்டாவது உயிரற்ற பொருளாகிய நெருப்பு என்பது மெய்யே போன்ற மொழியியலாளர்கள் வலியுறுத்திய வேறுபாடு. ‘ஃபயர்’ இந்த இரண்டாவது கிளையில் வந்த சொல். அதாவது யாராவது மூட்டினால்தான் எரியும், யாராவது வைத்தால்தான் பிடிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் உதவும்.

வினையாக அது முதலில் நெருப்பு மூட்டுவதையும் தீ வைப்பதையும்தான் குறித்தது. துப்பாக்கிக்குப் போனது பதினாறாம் நூற்றாண்டில். காரணம் ரொம்ப எளிமையானது. அந்தக் காலத்துப் பீரங்கியின் பின்புறத்தில் ஒரு சிறு துளை இருக்கும். மருந்தைக் கெட்டித்து, குண்டைப் போட்டு, கனலும் திரியை அந்தத் துளையில் வைப்பார்கள். பீரங்கிக்கு நெருப்புக் கொடுத்தல் என்பது அப்படியே நேர்ப்பொருளில் நடந்த காரியம். பிறகு சிக்கிமுக்கிக்கல் வந்தது, தோட்டா வந்தது. வெளியிலிருந்து யாரும் நெருப்பு வைக்க வேண்டிய தேவை போய்விட்டது. வினை மட்டும் தங்கிவிட்டது. (வரலாற்றுப் படங்களில் வில்லாளிகளைப் பார்த்துத் தளபதி ‘ஃபயர்’ என்று கத்துவது அபத்தம் என்று ஆங்கிலத்தில் அடிக்கடி கேலி செய்வார்கள். அம்பில் எங்கே நெருப்பு? நம்மிடமும் அப்படித்தான்: அம்பை எய்யலாம், விடலாம், தொடுக்கலாம். அம்பால் சுட்டான் என்று எந்தத் தமிழனும் சொல்லமாட்டான்.)

வேலையிலிருந்து நீக்குவதற்கும் ‘ஃபயர்’ என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் முளைத்த வழக்கு. ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல்லுக்கு, துப்பாக்கியைக் காலி செய்தல், ஆளை வேலையிலிருந்து விடுவித்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. அந்தச் சிலேடையில் பிறந்ததாக இருக்கலாம் என்பதுதான் நம்பத்தக்க விளக்கம். வேண்டாதவன் வீட்டைக் கொளுத்தி ஊரைவிட்டு விரட்டுவார்களாம், அதிலிருந்து வந்ததாம் என்றொரு கதையும் சொல்கிறார்கள். சொல்லாராய்ச்சி என்ற பெயரில் நம்மூரில் நடக்கும் கூத்துகளுக்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை. இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ‘ஃபயர் பண்ணிட்டாங்க’ என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். கவனிக்க வேண்டியது, மனிதன் இந்த வினையின் நேரடிச் செயப்படுபொருளாக வருவது இந்தப் பிற்காலப் பொருளில்தான். துப்பாக்கிப் பொருளில் அவன் அங்கே வருவதில்லை. இதற்குத் திரும்ப வருகிறேன்.

இனி கடலூர். செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் இருக்கிறது. கோட்டைக்குப் புனித டேவிட் என்று பெயர் வைத்தார்கள். வாங்கியது கோட்டை மட்டுமல்ல. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்துக்கு உட்பட்ட நிலமும் ஊர்களும் விற்பனையில் சேர்த்தி. அதன்படி பெரிய பீரங்கி ஒன்றைப் பல திசைகளிலும் திருப்பிச் சுட்டு எல்லை கட்டினார்கள். கடலூர்ப் பழைய டவுன் உட்பட எல்லாம் உள்ளே விழுந்தது. மருந்தைக் கெட்டித்து எப்படிச் சுட்டால் அதிகம் போகுமோ அப்படிச் சுடுவது பீரங்கிக்காரனின் கைத்திறன் என்ற பொருள்படச் சென்னையிலிருந்து சொல்லியனுப்பியதாக 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு கெசட்டியர் பதிவு செய்திருக்கிறது. கம்பெனிக்காரன் கம்பெனிக்காரன்தான்.

அந்த விற்பனைப் பத்திரத்தில் வரும் ‘ரேண்டம் ஷாட்’ என்ற சொல்லாட்சி சுவாரசியமானது. ‘ரேண்டம்’ என்றால் இன்று நாம் தற்செயல், கண்டபடி என்று பொருள் கொள்வோம். பழைய பிரெஞ்சில் வேகமாகப் பாய்ந்து ஓடுதலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. பதினேழாம் நூற்றாண்டுப் பீரங்கிக் கலையில் அது குறி பார்த்து நேராகச் சுடுவதற்கு எதிரான கலைச்சொல்: குழாயை மேலே தூக்கி, குண்டு எட்டும் தூரம்வரை போகவிடுவது. அதாவது இந்த ‘ரேண்டம்’ இல் தற்செயல் எதுவும் இல்லை. கைக்கு எட்டும் அதிகபட்ச ஆசை என்று அதற்குப் பொருள். முந்நூறு வருஷம் கழித்து, கூட்டத்தின் மேல் போலீஸ் சுடும்போது ‘ரேண்டம் ஃபயரிங்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் ‘கண்மூடித்தனமான துப்பாக்கிச் சூடு’ ஆகிறது. கண்ணை மூடிக்கொண்டு எவன் சுட்டான்?

ஆஸ்டின் ‘சொற்களைக் கொண்டு காரியம் செய்வது எப்படி’ என்று 1962இல் வெளியான தன் புத்தகத்தில், சொல்வதே செயலாகிவிடும் கூற்றுகளைப் பற்றிப் பேசுகிறார். ‘இந்தக் கப்பலுக்கு இன்ன பெயர் வைக்கிறேன்’ என்று அதற்குரியவர் சொன்னதும் பெயர் வைத்தாகிவிடுகிறது. 1690இல் கடலூரில் நடந்தது இதன் மறுபக்கம்: செயலே சொல்லாகிவிட்டது. அந்தக் குண்டு யாரையும் கொல்வதற்காகச் சுடப்பட்டதல்ல. அது ஒரு வாக்கியம். ‘இது என்னுடையது’ என்ற வாக்கியத்தை வெடிமருந்தால் எழுதினார்கள். நெசவாளியும் மீனவனும் உழவனும், தங்கள் தலைக்கு மேல் ஒரு வாக்கியம் பறந்து போனதையும் அது முடிந்த இடத்துக்கு இப்பால் தாங்கள் கைமாறிவிட்டதையும் அன்றைக்கே புரிந்துகொண்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

ஆங்கிலப் பதிவுகளில் இந்தச் சம்பவம் செயப்பாட்டு வினையில்தான் வருகிறது: பீரங்கி சுடப்பட்டது, குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்தவை ஆங்கிலேயர் வசம் ஆயின. தமிழில் அது வினையாகவே தங்கவில்லை. ஊர்ப் பெயரில் ஏறிக்கொண்டது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். பெண்ணையாற்றுப் பக்கம் குண்டு உப்பலவாடி இன்றும் இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவரிடம் கேட்டபோது, ‘இங்கேருந்து சுட்டானாம், வுழுந்த எடம் வரைக்கும் அவனுதாம்’ என்று ரெண்டே வார்த்தையில் சொல்லிவிட்டார். ‘சுட்டானாம்.’ கெசட்டியரில் இல்லாத எழுவாய் அந்த ‘ஆன்’ விகுதியில் உட்கார்ந்திருக்கிறது. ‘ஆம்’ வேறு சேர்ந்து, நான் பார்க்கவில்லை, சொல்லக் கேள்வி என்ற சாட்சியத்தின் தரத்தையும் சொல்லிவிடுகிறது. ஒரு சொல்லுக்குள் ஒரு வாக்குமூலம்.

சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது 1746 முதல் 1752 வரை இந்தக் கோட்டைதான் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம். 1758இல் லாலி வந்து இடித்துப் போட்டான். அது கிடக்கட்டும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பரங்கிப்பேட்டை இருக்கிறது. பரங்கி என்பதும் பீரங்கி என்பதும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. ‘ஃபிராங்க்’ என்ற ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாக வந்து ஆளைக் குறிக்கும்போது பரங்கி, ஆயுதத்தைக் குறிக்கும்போது பீரங்கி. துப்பாக்கி துருக்கி வழி வந்தது. ஈழத்தில் துவக்கு என்பார்கள். ஆக ஆயுதங்களின் பெயரெல்லாம் கப்பலிலும் குதிரையிலும் வந்தவை. ஆனால் அவற்றைக் கொண்டு செய்த காரியத்துக்கு அடுப்படியிலிருந்த வினையை எடுத்துக் கொடுத்தோம்.

‘சுடு’ அடுப்படி வினைதான். தோசை சுடுகிறோம், வடை சுடுகிறோம், பனங்கிழங்கைச் சுடுகிறோம். சூளையில் பானையும் செங்கல்லும் சுடுகிறோம். மாட்டுக்குச் சூடு போடுகிறோம். பிணத்தைச் சுடும் காடு சுடுகாடு. வெயிலும் சுடும், இங்கே இது தன்வினை. வள்ளுவர் நெருப்பு சுட்ட காயத்துக்கும் நாக்கு சுட்ட காயத்துக்கும் ஒரே வினையைத்தான் பயன்படுத்துகிறார். பொய் சொன்னவனை அவன் நெஞ்சே சுடும் என்கிறார். ஔவைக்கும் மாடு மேய்க்கும் பையனுக்கும் நடந்த வாக்குவாதக் கதையில் சுட்ட பழம் என்பதே முழுச் சிக்கல். இந்தக் காலத்துப் பையன்களுக்குச் சுடுவது என்றால் திருடுவது: ‘கதையைச் சுட்டுட்டாரு’. இத்தனையிலும் ஒரு பொதுத் தன்மை உண்டு. சுடுகிறவருக்கும் சுடப்படுவதற்கும் நடுவே தூரம் இல்லை. தோசை சுடுகிறவளுக்கும் அனல் அடிக்கும். சூளைக்காரனின் கையைப் பார்த்தால் தெரியும். நெஞ்சு தன்னையே சுடும்போது தூரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

துப்பாக்கி இந்தத் தூரத்தைக் கண்டுபிடித்தது.

எல்லாத் திராவிட மொழிகளும் நம்மைப்போல் செய்யவில்லை. தெலுங்கில் ‘கால்ச்சு’ என்பது சுட்டெரிப்பதையும் துப்பாக்கியால் சுடுவதையும் சேர்த்துக் குறிக்கிறது. அவர்கள் நம் கட்சி. கன்னடத்தில் ‘சுடு’ என்ற இதே வினை எரித்தல் பொருளில் இருந்தும், துப்பாக்கிக்குக் ‘குண்டு ஹாரிசு’ என்கிறார்கள், குண்டைப் பறக்கவிடுதல். மலையாளத்தில் ‘வெடி வெய்க்குக’. ஈழத் தமிழிலும் வெடி விழுந்தது என்று சொல்லக் கேட்கலாம். இந்தியில் ‘கோலி’யை ஓட்டுவார்கள் அல்லது அதனால் அடிப்பார்கள். இந்த மொழிகளில் வினை சத்தத்தையோ குண்டையோ பற்றிக்கொள்கிறது. தமிழும் தெலுங்கும்தான் நெருப்பைப் பற்றிக்கொண்டன, அதுவும் சதைக்குள் போன நெருப்பை.

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ஃபயர்’ என்ற வினைக்கு நேரடிச் செயப்படுபொருள் துப்பாக்கி. துப்பாக்கியை ‘ஃபயர்’ பண்ணுகிறான். நெருப்பு வைக்கப்பட்டது துப்பாக்கிக்குத்தானே, நியாயம்தான். எதிரே நிற்கும் மனிதனைத் தொட வேண்டுமானால் ‘அட்’ என்ற ஒரு முன்னிடைச்சொல் வேண்டும்: அவனை நோக்கி. நோக்கித்தான், பட்டதா இல்லையா என்பதைப் பற்றி வினைக்குக் கவலை கிடையாது. ஆளைத் தொடும் வினை ஆங்கிலத்தில் வேறு இருக்கிறது, ‘ஷூட்’. அது ஆளை நேரடிச் செயப்படுபொருளாக எடுத்துக்கொள்ளும். அரசாங்க அறிக்கைகள் எந்த வினையை விரும்புகின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ‘போலீஸ் ஃபயர்டு’ என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது. யாரை என்ற கேள்வி அந்த இலக்கணத்தில் எழவே இல்லை.

தமிழில்? ‘அவனைத் துப்பாக்கியால் சுட்டான்.’ மனிதன் இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறான், ஐ உருபு ஏற்று. துப்பாக்கி மூன்றாம் வேற்றுமை, வெறும் கருவி; விட்டுவிட்டாலும் வாக்கியம் கெடாது. ‘துப்பாக்கியைச் சுட்டான்’ என்று சொன்னால் அடுப்பில் போட்டானோ என்றுதான் தோன்றும். வானத்தை நோக்கிச் சுட்டான் என்று சொல்லலாம், ஆனால் அந்த ‘நோக்கி’யைத் தனியாகச் சேர்த்தாக வேண்டும். சேர்க்காமல் வெறுமனே ‘போலீஸ்காரன் சுட்டான்’ என்றால் கேட்பவர் உடனே ‘யாரை?’ என்பார். அது ஆர்வத்தில் கேட்கும் கேள்வியன்று, வினையே கேட்கும் கேள்வி. தமிழ் வினைக்கு உடல் வேண்டும். தோசையோ செங்கல்லோ பிணமோ மனிதனோ, சுடப்பட ஒன்று வேண்டும்.

இப்படிப்பட்ட வினையை வைத்துக்கொண்டு காலனிய நிர்வாகத்தின் ‘ஃபயரிங்’கை மொழிபெயர்ப்பது கஷ்டம். அதற்குக் கிடைத்த வழிதான் ‘துப்பாக்கிச் சூடு’. சுடு என்னும் வினையடி சூடு என்று நீண்டு முதனிலை திரிந்த தொழிற்பெயர் ஆகிறது. கெடு கேடு ஆவதைப்போல, பெறு பேறு ஆவதைப்போல. எட்டாம் வகுப்பிலேயே இதைப் பாடமாகப் படித்திருக்கிறோம். உதாரணமாகவே சூடு என்று கொடுத்திருப்பார்கள். தொழிற்பெயர் காலம் காட்டாது, செய்தவனைக் காட்டாது என்பதும் அதே பாடத்தில் உண்டு. காலத்தையும் செய்தவனையும் காட்டுவது வினையாலணையும் பெயர்: சுட்டவன், சுட்டவர். எத்தனை வருஷத்துப் பத்திரிகைகளை வேண்டுமானாலும் புரட்டுங்கள், ‘துப்பாக்கிச் சூடு’ பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும். ‘சுட்டவர்’ கிடைப்பாரா பாருங்கள். கிடைத்தால் அவர் ரவுடியாகவோ கணவனாகவோ இருப்பார், சீருடையில் இருக்கமாட்டார்.

துப்பாக்கிச் சூடு என்பதை விரித்தால் துப்பாக்கியால் சுடும் சூடு. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று எம்.ஏ. வைவாவில் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறேன். உருபும் பயனும் மட்டும் தொகவில்லை, சுட்டவனும் சுடப்பட்டவனும் சேர்ந்தே தொக்கிவிட்டார்கள் என்று அன்றைக்குச் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால் மார்க்கு குறைந்திருக்கும்.

இந்தப் பெயரோடு சேரும் துணைவினைகளையும் பார்க்க வேண்டும். துப்பாக்கிச் சூடு நடந்தது: திருவிழா நடந்தது மாதிரி. துப்பாக்கிச் சூடு நடத்தினர்: கூட்டம் நடத்துவது, கல்யாணம் நடத்துவது, கடை நடத்துவது மாதிரி. இங்கே போலீஸ் எழுவாயாக இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அவர்கள் செய்தது நடத்துதல், சுடுதல் அல்ல. அப்புறம் ‘துப்பாக்கிச் சூட்டில் இருவர் பலி’. இறந்தவர்கள் வருகிறார்கள், ஆனால் ஐ உருபு ஏற்று வரவில்லை, தாங்களே எழுவாயாக வந்து பலியாகிறார்கள். புயலில் இருவர் பலி என்று கடலூர்க்காரர்களுக்குப் பழக்கமான தலைப்பு ஒன்று உண்டு. இரண்டுக்கும் அச்சுக்கோப்பில் ஒரு சொல்தான் வித்தியாசம்.

இது நம்முடைய தனிச் சாபம் ஒன்றும் இல்லை. 1979இல் ஃபவுலர், ஹாட்ஜ், கிரெஸ், ட்ரூ ஆகியோர் சேர்ந்து வெளியிட்ட ‘மொழியும் கட்டுப்பாடும்’ என்ற நூலில் டோனி ட்ரூ இதைத்தான் ஆராய்கிறார். ரொடீஷியாவின் சாலிஸ்பரியில் 1975இல் கறுப்பின மக்கள் கூட்டத்தைப் போலீஸ் சுட்டது. லண்டன் பத்திரிகைகளில் முதல் நாள் போலீஸ் வாக்கியத்தின் வால்பகுதியிலாவது இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் அதுவும் போய், மரணங்கள் தாமாகவே நிகழ்ந்தவை ஆயின. ட்ரூவின் முறையை அப்படியே தமிழுக்குப் பொருத்த முடியாது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் செய்தவனை நீக்கச் செயப்பாட்டு வினை போதும். தமிழில் வினைமுற்று இருக்கும்வரை விகுதி ஆளைக் காட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் இங்கே வினையையே கொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர் உதாரணம் ஒன்று. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் ஐம்பது சிப்பாய்களைக் கொண்டு 1650 ரவுண்டு சுட வைத்த டயர், பின்னர் கொடுத்த அறிக்கையில், நான் சுட்டேன், கூட்டம் கலையும்வரை தொடர்ந்து சுட்டேன் என்ற பொருள்படத்தான் எழுதினான். துப்பாக்கியைத் தொடாதவன் தன்மை ஒருமையில் எழுதினான். கொடூரமான திமிர் அது, சந்தேகமில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் எழுவாய் இருந்தது. அதனால் விசாரிக்க முடிந்தது, திட்ட முடிந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் நிர்வாகம் டயரின் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அவனுடைய இலக்கணத்தை மட்டும் கைவிட்டது.

சட்டம் இன்னும் ஒரு படி மேலே. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைப்பது பற்றிய 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129, 130 ஆகிய பிரிவுகளில் ‘ஃபயர்’ என்ற வினை கிடையாது, ‘ஷூட்’டும் கிடையாது. பலத்தைப் பயன்படுத்திக் கலைக்கலாம் என்று மட்டும் இருக்கும். 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவும் அந்த வழியில்தான். சட்டத்தில் ‘பலம்’, அறிக்கையில் ‘ஃபயரிங்’, பத்திரிகையில் ‘சூடு’. தெருவுக்கு வரும்போதுதான் ‘சுட்டுட்டாங்க’.

சிதம்பரத்துக்கு வருவோம். 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மேல் போலீஸ் சுட்டதில் ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்தார். அண்ணாமலை நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது. அங்கே எம்.ஏ. படித்த இரண்டு வருஷமும் அந்தச் சிலையைத் தாண்டித்தான் போய் வந்தேன். அந்தப் போராட்டத்தில் தமிழகம் முழுக்க இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர். ராஜேந்திரன் பெயர் எல்லோருக்கும் தெரியும். சுட்டவர் யார், சுடச் சொன்னவர் யார் என்று வகுப்பில் எந்த வாத்தியாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மொழிப்போர் பற்றிய மேடைப்பேச்சுகளிலும் மலர்களிலும் ‘துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்’ என்றுதான் வரும். அரசுக்கு எதிராகப் பேசியவர்களும் அரசின் தொழிற்பெயரையே எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. தியாகத்தைப் பேசுவதற்கு இந்த இலக்கணம் வசதியாக இருந்தது. பலி என்ற சொல்லுக்குத் தெய்வம் வேண்டும், பலியாகிறவர் வேண்டும், வெட்டுகிறவன் முக்கியமில்லை.

அதே போராட்டத்தில் இன்னொரு நெருப்பு வினையும் இருக்கிறது. கீழப்பழுவூர் சின்னசாமி 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் தீக்குளித்தார். ‘தீக்குளி’ முழுமையான வினை: எழுவாய் உண்டு, காலம் உண்டு, பெயர் உண்டு. தன்னைத் தானே எரித்துக்கொண்டவனுக்குத் தமிழ் முழு வாக்கியம் கொடுத்தது, பிறரைச் சுட்டவனுக்குத் தொகைச் சொல்லில் ஒளிய இடம் கொடுத்தது.

தீக்குளிக்குச் சிதம்பரத்தில் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதையில் தில்லை வாழ் அந்தணர்கள் இறைவன் ஆணைப்படி மதிலுக்கு வெளியே தீ அமைத்துக் கொடுக்கிறார்கள். அமைத்தது அவர்கள், அது சொல்லப்படுகிறது. புகுந்தது அவர், அதுவும் சொல்லப்படுகிறது. எரித்தல் என்ற வினை மட்டும் அங்கே யாருக்கும் சொந்தமாக இல்லை. அவர் மூழ்குகிறார், முனிவராக எழுகிறார். கோபாலகிருஷ்ண பாரதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதையில் எவ்வளவோ மாற்றினார், பண்ணையாரைக் கொண்டுவந்து சேர்த்தார். இந்த இடத்து வினையை மாற்றவில்லை. நந்தன் எரிக்கப்பட்டான் என்று வினையை மாற்றிச் சொல்லும் துணிச்சல் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகமும் தலித் வாசிப்புகளும் செய்த காரியத்தை இலக்கணப்படி சொன்னால் இவ்வளவுதான்: காணாமல் போயிருந்த வினையைத் தேடி எடுத்து அதற்கு எழுவாயைச் சேர்த்தார்கள். இதற்காகத்தான் அத்தனை கோபம்.

கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு முதலில் துப்பாக்கி, பிறகு தீ. ராமையாவின் குடிசைக்குள் 44 பேர். உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தபோது, வசதியும் அந்தஸ்தும் உள்ள இவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருள்படச் சொன்னது. அதாவது இந்த வினைக்கு இந்த எழுவாய் பொருந்தாது. திணை வழு, பால் வழு என்பதைப்போல இது ஒரு புதிய வழு. வர்க்க வழு, சாதி வழு என்று நன்னூலுக்குப் பின்னிணைப்பு எழுதலாம். நாம் அதை இன்றும் ‘வெண்மணிச் சம்பவம்’ என்கிறோம். சம்பவம் என்பதும் பெயர்ச்சொல்தான்.

தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்களைப் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. அதைப் பற்றி வந்த செய்திகளில் ஒரு புதுமை இருந்தது. சுட்டவர்கள் இன்னார், எங்கிருந்து சுட்டார்கள் என்ற ரீதியில் வாக்கியங்கள் வந்தன. கொஞ்ச நாள்தான். பிறகு வழக்கம்போல் ‘தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு’ என்ற தொகைக்குள் அத்தனையும் போய் அடங்கிவிட்டது.

கடலூரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். ‘எடம் இல்லைங்க, தலைப்புக்கு நாலு வார்த்தைதான்’ என்றார். ‘போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தியதில் இருவர் பலி’ என்பதை எண்ணிக் காட்டினேன், ஆறு சொல். ‘இருவரைப் போலீசார் சுட்டுக் கொன்றனர்’, நாலு சொல். சிரித்தார். ‘அது எடத்துக்கு அடங்கும், எங்களுக்கு அடங்காது’ என்றார்.

1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுத் தென்னார்க்காட்டில் ஒரு வாரம் சாலை மறியல் நடந்தபோது செத்தவர்களைப் பற்றி எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் பேசுவார்கள். அந்தப் பேச்சில் ‘துப்பாக்கிச் சூடு’ என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. ‘எம்பத்தேழுல சுட்டாங்களே, அப்ப’ என்றுதான் காலத்தைக் கணக்கு வைக்கிறார்கள். யார் என்று அதிலும் பெயர் இல்லை. ஆனால் அந்த ‘ஆங்க’ படர்க்கைப் பலர்பால் விகுதி, உயர்திணைக்கு உரியது. இடி விழுந்ததற்கோ புயல் அடித்ததற்கோ அதைப் போடமாட்டார்கள்.